எங்கள் வளவில் நின்று பிடிக்கும் பூக்கள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் தொலைபேசியில் என்னைப் பேசக் கேட்டபோது, பெரிய தலைப்பு ஏதாவது தந்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் சொன்னது இதுதான்: "ரீச்சர், ஆறு மாதம் மகளோடு கனடாவில் இருந்துவிட்டு வந்து பார்க்கிறன், முற்றத்தில் ஒரு பூங்கன்றும் மிச்சமில்லை. எதை வைத்தால் சாகாது என்று வந்து சொல்லுங்கோ." இந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல. இங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் வருடத்தில் சில மாதங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள். மற்றப் பாதிப்பேர் வீட்டிலேயே இருந்தாலும், முன்போல வாளி தூக்க முடியாதவர்கள். நானும் அந்த இரண்டாவது வகுப்புத்தான்.

பல்லாண்டுப் பூச்செடி என்றால் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு படம் மனதில் வரும். ரொறன்ரோவில் பனிக்குக் கீழே வேர் மட்டும் உயிரோடு கிடந்து, வசந்தம் வந்ததும் முளைத்து வருகிற செடிகள் அவை. அங்கே செடி விற்கிறவர்கள் எவ்வளவு குளிர் தாங்கும் என்று இலக்கம் போட்டு எழுதி வைத்திருப்பார்கள். எங்களுக்கு அந்த இலக்கத்தால் ஒரு பயனும் இல்லை. இங்கே செடியைக் கொல்வது மாசி தொடங்கிப் புரட்டாதி வரை நீளும் காய்ச்சல், கிணற்றுத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பும் உப்பும். எங்களுக்கு ஆறு இல்லை. வழுக்கியாறு என்று ஒன்று இருக்கிறது, அதுவும் மாரியில் மட்டும் ஓடும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்பதைத்தான் ஆண்டு முழுவதும் இறைக்கிறோம். ஆகவே கன்று வாங்க முதல் கேட்க வேண்டிய கேள்வி, பூ என்ன நிறம் என்பதல்ல. இந்த மண்ணும் இந்தத் தண்ணீரும் அதற்கு ஒத்து வருமா என்பதுதான்.

அதைத் தெரிந்துகொள்ள ஆய்வுகூடம் தேவையில்லை. வளவு மண்ணை ஒரு கரண்டி எடுத்துக் காயவைத்து, அதன்மேல் கொஞ்சம் வினாகிரி ஊற்றுங்கள். சீறிக்கொண்டு நுரைத்தால் சுண்ணாம்பு கூட. வலிகாமத்துச் செம்மண்ணில் ஆழம் குறைந்து கல் மேலே நிற்கும் இடங்களில் நன்றாகவே நுரைக்கும். வடமராட்சி, தென்மராட்சி மணல் மண்ணில் கதை வேறு. அங்கே தண்ணீர் நிற்காது, போட்ட பசளையும் நிற்காது. தீவுப்பகுதியிலும் கடனீரேரிக் கரைகளிலும் உப்புத்தான் முதல் எதிரி.

இதில் அதிகம் அகப்பட்டுக்கொள்வது எக்ஸோரா. பழந்தமிழில் வெட்சி என்று நாங்கள் படித்த அதே இனம். புது வீடு கட்டினால் மதில் ஓரமாக வரிசையாக எக்ஸோரா வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. இரண்டு வருடத்தில் குருத்திலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உடனே யூரியா போடுவார்கள். அது நைதரசன் குறைபாடு அல்ல. மண்ணில் இரும்பு இருக்கிறது. சுண்ணாம்பு கூடிய மண்ணில் வேரால் அதை எடுக்க முடியவில்லை. மதில் அத்திவாரத்துச் சீமெந்தும் சேர்ந்து சுண்ணாம்பைக் கூட்டுகிறது. எக்ஸோரா வேண்டுமென்றே நிற்பவர்கள் மதிலைவிட்டு மூன்றடி தள்ளி, குழியை அகலமாக வெட்டி, மக்கிய குழையும் மாட்டெருவும் நிறையப் போட்டு வையுங்கள். முடிந்தால் கூரை மழைத்தண்ணீரைப் பீப்பாவில் பிடித்து அதற்கு ஊற்றுங்கள். சிறிய இலை கொண்ட, இப்போது அதிகம் விற்கும் குட்டை இனங்களைவிடப் பழைய சிவப்பு நாட்டு எக்ஸோரா கொஞ்சம் பொறுமைசாலி என்பது என் அனுபவம்.

பேராதனைப் பூங்காவுக்கும் நுவரெலியாவுக்கும் சுற்றுலா போய், திரும்பும்போது வாகனம் நிறையக் கன்றுகளோடு வருவோம். அந்தூரியமும் ஒட்டு ரோசாவும் அந்த ஈரத்துக்கும் குளிருக்கும் வளர்ந்தவை. ஒட்டு ரோசா முதல் மாரியில் பூத்துக் குலுங்கும். பங்குனி வெயிலில் மேற்கொப்பு கருகும். பிறகு அடியிலிருந்து ஓங்கி வருவது நீங்கள் வாங்கிய ரோசா அல்ல, ஒட்டுக்குக் கீழேயிருந்த காட்டுக் கட்டை. பூக்கவில்லை என்று இரண்டு வருடம் அதற்குத் தண்ணீர் ஊற்றிய ஆட்களை எனக்குத் தெரியும். நானும் ஒருத்தி. எங்களுக்கு நல்லது தடி நட்டு வருகிற பழைய நாட்டு ரோசா. பூ சிறிது, நிறம் ஒன்றுதான், ஆனால் அடியோடு வெட்டினாலும் அதே ரோசாவாக முளைக்கும்.

இனி, எது நிற்கும் என்பதை நான் எங்கே படித்தேன் என்று சொல்கிறேன்.

எங்கள் வீடு வலிகாமம் வடக்கில். 1990 ஆனியில் சாமியறை விளக்கை அணைக்காமல் வெளிக்கிட்டோம், இரண்டு நாளில் திரும்பலாம் என்று. 2015 இல் அந்தப் பகுதி விடுவிக்கப்பட்டபோதுதான் போய்ப் பார்த்தேன். இருபத்தைந்து வருடம். வீட்டுக்குக் கூரை இல்லை, யன்னல் இல்லை. ஆனால் அம்மாவின் பூந்தோட்டத்தில் சில ஆட்கள் நின்றார்கள். மனிதரைச் சொல்லவில்லை, செடிகளைச் சொல்கிறேன். ஒரு துளி தண்ணீர் ஊற்றப்படாமல் இருபத்தைந்து கோடை கடந்தவை. பேராசிரியர் எவரும் செய்ய விரும்பாத ஒரு பரிசோதனை.

முதலில் கண்ணில் பட்டது போகன்விலா. விறாந்தைச் சுவரைப் பிடித்து ஏறி, கூரை இருந்த இடத்தை நிரப்பியிருந்தது. தண்ணீர் குறையக் குறையக் கூடப் பூப்பது அது. நாங்கள் பூ என்று பார்க்கும் கடதாசி நிறம் இலைதான். நடுவில் இருக்கும் சிறிய வெள்ளைக் குழல்கள்தான் உண்மையான பூ. ஒரு விசயம் சொல்லாமல் விட முடியாது. இந்தச் செடிக்குப் பெயர் தந்த பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கடலோடியின் கப்பற்பயணம் 1766 இல் தொடங்கியது. அதில் தாவரவியலாளர் கொமெர்சனுக்கு உதவியாளாக ஆண் உடுப்பில் போனவர் ஜான் பரே என்ற பெண். உலகைச் சுற்றி வந்ததாக அறியப்படும் முதல் பெண் அவர்தான். செடிக்குக் கப்பல் தலைவரின் பெயர் கிடைத்தது. பெண்கள் பாடசாலையில் படித்த எங்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அடுத்தது ஈழத்தலரி. கோயில் வீதியில் நிற்குமே, வெள்ளையும் நடுவில் மஞ்சளுமாக ஐந்து இதழ், அதுதான். பழைய அகராதிகள் ஈழத்தின் பெயரை அதற்குத் தந்தாலும் அதன் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். சிங்களத்தில் அதை அரலிய என்பார்கள். ஆகவே தெற்கிலுள்ள கன்றுக்கடையில் போய் "அலரி" என்று கேட்டால் இதைத் தூக்கித் தருவார்கள், கவனம். தண்டில் நீரைச் சேமிப்பதால் இலை முழுவதும் கொட்டிவிட்டு உயிரோடு நிற்கும். தடியை வெட்டி, பால் காய ஒரு கிழமை நிழலில் போட்டுவிட்டு நடுங்கள். பச்சையாக நட்டால் அழுகும். 2008 இல் நாட்டுக்குள் வந்த பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி இதையும் வெள்ளையாக மூடியது. பிறகு அதைத் தின்னும் சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டபின் அடங்கிவிட்டது. கண்டபடி மருந்து அடித்தால் குளவிதான் முதலில் சாகும்.

மூன்றாவதாக நின்றது அலரி, இரண்டு வகையும். இங்கே நான் நின்று பேச வேண்டும். நின்று பிடிப்பதெல்லாம் வீட்டுக்கு ஏற்றதல்ல. செவ்வலரியும் வெள்ளலரியும் நஞ்சு. பொன்னலரியின் காயும் விதையும் இதயத்தைத் தாக்கும் கொடிய நஞ்சு. எங்கள் குடாநாட்டில் எத்தனை வீடுகளில் இதனால் இழவு விழுந்தது என்பதை வைத்தியசாலை விடுதிகளில் பணிபுரிந்த எங்கள் தோழிகள் அறிவார்கள்; இந்தச் சபையில் விரித்துச் சொல்லத் தேவையில்லை. அம்மா பூசைக்கென்று ஆசையாக வளர்த்த பொன்னலரியை நான் வேரோடு கிண்டி எறிந்தேன். சிலர் குறை சொன்னார்கள். பூசைக்கு நந்தியாவட்டை போதும். அது நிழலிலும் நிற்கும், ஆண்டு முழுவதும் பூக்கும். ஒற்றைச் செவ்வரத்தையும் அப்படியே, ஆனால் வாரத்துக்கு இரண்டு தரமாவது தண்ணீர் கேட்கும். பெரிய பூப் பூக்கிற கலப்பினச் செவ்வரத்தைகள் வெண்மூட்டுப்பூச்சிக்கு விருந்து.

வேலி ஓரம் கார்த்திகைப்பூ நின்றது. நாங்கள் போனது மழை முடிகிற நேரம் என்பதால் கண்டேன். தையில் போயிருந்தால் ஒன்றும் தெரிந்திராது. நிலத்துக்குள் கிழங்காகக் கிடந்து, மாரியில் எழும்பி, கொழுகொம்பைப் பிடித்துப் பூத்து, மறுபடி மறைந்துவிடும். வெளிநாட்டார் சொல்லும் பல்லாண்டுச் செடிக்கு எங்கள் ஊர் உதாரணம் இதுதான். அங்கே பனிக்கு ஒளிக்கிறது, இங்கே வெயிலுக்கு. இதன் கிழங்கும் நஞ்சு, பிள்ளைகள் தோண்டாத இடத்தில் இருக்கட்டும். கிளுவையும் பூவரசும் நட்ட வேலிகள் போய் மதில்கள் வந்தபின் இது பற்றி ஏற இடமில்லாமல் போய்விட்டது. மதில் கட்டினாலும் ஒரு மூலையில் நாலு கதியால் விட்டுவையுங்கள். அந்தப் பூவரசங்குழை எருவுக்கும் உதவும்.

பட்டிப்பூ, அதுதான் நித்தியகல்யாணி, முற்றம் முழுக்கத் தானாக விழுந்து முளைத்துக் கிடந்தது. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. வேண்டாம் என்றாலும் வரும்.

பவளமல்லிகை நின்றது, ஆனால் ஒரே ஒரு கொப்பு. பூத்து முடிந்ததும் துணிந்து வெட்டினால்தான் அது அடர்ந்து வரும்.

நான் தேடியது வேறொன்றை. கிணற்றடியில், குளித்த தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரமாக அம்மாவின் அடுக்கு மல்லிகை நின்றது. தண்ணீரை விரும்பும் செடிகளை அப்படி வைப்பதுதான் எங்கள் பெண்களின் கெட்டித்தனம்: மல்லிகை, கனகாம்பரம், மணிவாழை எல்லாம் கிணற்றடியில், தனியாக ஒரு வாளி இறைக்கத் தேவையில்லை. ஆட்கள் குளிக்காத கிணற்றடியில் அது எப்படி நிற்கும்? அடையாளமே இல்லை. வீட்டுக்கு வந்ததும் படுக்கையில் இருந்த அம்மா கேட்ட முதற்கேள்வி, "மல்லிகை நிக்குதோ?" கூரையைக் கேட்கவில்லை. எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

அந்தக் கதையை ஒருநாள் என் வகுப்புத் தோழி ஒருத்திக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவள் சாவகச்சேரி. "உன்ர அம்மா எனக்கு ஒரு பதியன் தந்தவ எல்லோ, எண்பத்தைந்திலோ எண்பத்தாறிலோ" என்றாள். 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் அவளுடைய வளவும் அழிந்துபோனது. ஆனால் அதற்கு முதல் அவள் கரவெட்டியிலுள்ள தன் மச்சாளுக்கு ஒரு பதியன் வைத்துக் கொடுத்திருந்தாள். அது நிற்கிறது. மூன்று வளவு மாறி, அதே அடுக்கு, அதே வாசம். அம்மா கண்ணை மூட முதல் ஒரு சிரட்டை நிறையப் பூவைத் தலைமாட்டில் வைக்க முடிந்தது.

ஆகவே மல்லிகை வைப்பவர்களுக்கு: மழை ஓய்ந்து தை பிறந்ததும் முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்கள். மாட்டெரு போட்டு, அடியில் பனையோலையைத் தாட்டுவிடுங்கள். எங்கள் அப்புமார் தோட்டத்துக்குச் செய்தது, ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பங்குனி தொடக்கம் பூக்கும். பதியன் வைக்க மாரிக்காலம் நல்லது. நிலத்தோடு வளைகிற கொப்பில் ஒரு கணுவைக் கொஞ்சம் சீவி, மண்ணுக்குள் வைத்து மேலே ஒரு கல்லை வையுங்கள். இரண்டு மாதத்தில் வேர் விடும். வேர் வந்தபின்தான் தாயிலிருந்து வெட்ட வேண்டும்.

இன்னும் ஒன்று. கன்று வாங்கினால் சாடி மண்ணைப் பாருங்கள். பார்த்தீனியம் முளைத்திருந்தால் பூக்க முதல் கையுறை போட்டுப் பிடுங்கி எரித்துவிடுங்கள். 1987 இல் இந்தியப் படையினரோடு வந்தது என்று சொல்லப்படும் அந்தக் களை, இப்போது சாடியோடு வீடு வீடாகப் போகிறது.

மண்டபத்துக்கு வெளியே, வேம்பின் கீழே பதினான்கு சிறு சாடிகள் வைத்திருக்கிறேன். கரவெட்டி மல்லிகையின் பதியன்கள். தேநீர் குடித்துவிட்டு ஆளுக்கொன்று எடுங்கள். பதினான்குதான், சண்டை பிடிக்க வேண்டாம். கிடைக்காதவர்கள் பெயர் எழுதித் தாருங்கள், அடுத்த மாரிக்கு வைத்துத் தருகிறேன். விமானம் ஏறுகிறவர்கள் பெட்டிக்குள் ஒளித்துக்கொண்டு போக வேண்டாம், அந்தந்த நாட்டுச் சட்டம் விடாது. இங்கே இருக்கிற ஒரு தோழியின் வளவில் உங்கள் பெயரில் நட்டுவிட்டுப் போங்கள். யார் வீட்டில் நட்டீர்கள் என்பதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.