வாளியும் குளிர்பான பாட்டிலும்

கோட்டுச்சேரிமேடு மாதிரி மீனவ ஊரில் தண்ணீர் ஆபத்து என்றால் எல்லோரும் கடல் பக்கம்தான் திரும்பிப் பார்ப்பார்கள். நான் சொல்ல வந்தது கொல்லைப்புறத்து வாளியை.

தத்தித் தத்தி நடக்கிற வயதில் உடம்பைப் பார்க்கத் தலைதான் கனம். எட்டிப் பார்த்த பிள்ளை தலைகுப்புற விழுந்தால் தானாக நிமிர முடியாது. பாதி நீர் நிறைந்த வாளி கனத்தால் சாயவும் சாயாது. அழுகைச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்த் தூக்கிவிடலாம் என்று இருக்காதீர்கள். மூக்கும் வாயும் நீருக்குள் இருக்கும்போது எங்கே அழுவது? உலக அளவில் நீரில் மூழ்கி இறப்பவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வங்கதேசக் கிராமங்களில் ஆராய்ந்தபோது, சிறு பிள்ளைகள் நீரில் மூழ்கும் விபத்துகள் பெரும்பாலும் காலை 9 மணிக்கும் பிற்பகல் 1 மணிக்கும் இடையில் நடப்பது தெரிந்தது. வீட்டு வேலை நெருக்கும் நேரம். அந்த நேரத்தில் சின்னஞ்சிறுசுகளைப் பார்த்துக்கொள்ள ஊர்ப் பெண்களையே வைத்துக் காப்பகம் நடத்தினார்கள். மூழ்குவது வெகுவாகக் குறைந்தது. நம் அங்கன்வாடியில் முன்பருவக் கல்வி மூன்று வயதுக்கு மேல்தான். ஒன்றிரண்டு வயதுப் பிள்ளையைக் காலையில் யார் பார்ப்பது என்பதை வீட்டிலேயே பேசி வையுங்கள். குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள்.

இன்னொன்று, மண்ணெண்ணெய். அதைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கம் வேண்டாம். பிள்ளை குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வெளியே வரும்போது அது நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.