எச்சரிக்கை மணி யார் கையில்?

(கொல்கத்தாவில் தமிழ்த் தோழர்களின் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



படகுகளில் பயன்படும் ஜி.பி.எஸ். கருவியின் கையேட்டைத் தமிழாக்கும் பணி அண்மையில் என்னிடம் வந்தது. முதல் பக்கத்திலேயே 'அக்விசிஷன்' என்னும் சொல் என்னை நிறுத்தியது. உழவரிடமிருந்து நிலத்தை எடுப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். இங்கோ, வானிலுள்ள செயற்கைக்கோள்களைக் கருவி இனங்கண்டு அவற்றின் அலைகளைப் பற்றிக்கொள்வதை அது குறிக்கிறது.

இந்த அறிவியலின் வேர், 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஏவிய ஸ்புட்னிக்கில் இருக்கிறது. அதன் வானொலி அலையில் நேர்ந்த மாறுதலைக் கொண்டு அதன் பாதையைக் கணித்த அமெரிக்க அறிவியலாளர்கள், பாதை தெரிந்த கோளைக் கொண்டு தரையிலிருப்பவரின் இடத்தைக் கணிக்கலாம் என்று உணர்ந்தனர். இன்று ஜி.பி.எஸ். கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. கடல்மட்டத்தில் இடம் அறிய மூன்று கோள்களேனும் வேண்டும். உயரமும் அறிய நான்கு வேண்டும்.

நெடுநாள் அணைந்திருந்த கருவி, எந்தக் கோள் எங்கே உள்ளது என்பதைப் புதிதாக அறிய வேண்டும். அந்த அட்டவணை முழுவதும் வந்து சேர 12.5 நிமிடங்கள் ஆகும். ஆகவே கருவியைத் துறைமுகத்திலேயே இயக்குங்கள். ஆன்டெனாவுக்குத் திறந்த வானம் தெரியட்டும். கோள்களின் பிடி நழுவிய பின்னும் சில கருவிகளின் திரையில் பழைய இடமே நின்றுகொண்டிருக்கும், படகோ நகர்ந்துகொண்டிருக்கும். கோள்களின் நிலையைப் பாராமல் அலாரத்தை நம்பலாகாது.

அலாரங்கள் பலவகை. குறித்த இடத்தை நெருங்கியதும் ஒலிப்பது ஒன்று. வகுத்த பாதையிலிருந்து விலகினால் ஒலிப்பது மற்றொன்று. நங்கூர அலாரம், உறங்கும் வேளையில் நங்கூரம் இழுபட்டால் எழுப்பும். அதன் வட்டத்தை நங்கூரக் கயிற்றின் நீளத்தைவிடச் சிறிதாக வைத்தால், நீரோட்டம் திரும்பும்போதெல்லாம் வீணே ஒலிக்கும். சலித்துப்போன தொழிலாளி அதை அணைத்துவிடுவார். ஆபத்து வரும் இரவில் அது ஊமையாகவே இருக்கும்.

எல்லைக்குரிய அலாரமே உயிர்நாடி. 1974, 1976 ஒப்பந்தங்கள் இலங்கையுடனும், 2014 ஜூலை 7 தீர்ப்பு வங்கதேசத்துடனும் வகுத்த கோடுகள் வரைபடத்தில் உள்ளன, அலைமீது இல்லை. கோட்டுக்கு 1 கடல் மைல் முன்பாக அலாரம் வைத்தால், மணிக்கு 3 கடல் மைல் வேகத்தில் செல்லும் படகுக்கு 20 நிமிடங்களே மிஞ்சும். கடலில் கிடக்கும் வலையை ஏற்ற அது போதுமா? 3 கடல் மைல் வைத்தால் ஒரு மணி நேரம் கிடைக்கும். இந்தக் கணக்கை அறியாமைக்கு விலை சிறைவாசம். 2025 ஜனவரி 5 அன்று 95 இந்திய மீனவர்களும் 90 வங்கதேச மீனவர்களும் கடலிலேயே பரிமாறிக்கொள்ளப்பட்டனர். இருபுறமும் உழைப்பாளிகளே சிறையிலிருந்தனர் என்பதை மறவாதீர்கள்.

எல்லை கடக்கும் படகுகள் அனைத்தும் அறியாமையால் கடப்பதில்லை. மீன்வளம் குன்றியதும் கடன் நெருக்குவதும் பலரைத் துரத்துகின்றன. அந்தச் சிக்கலைக் கருவி தீர்க்காது. ஆனால் அறியாமல் கடப்பவரையேனும் காக்கலாம்.

ஒரு லட்சம் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டத்தை ஒன்றிய அரசு 2024இல் தொடங்கியது. கருவி வருவது நன்று. ஆயினும் அதை இயக்கத் தெரிந்தவர் படகில் ஒருவரே என்றால், அவர் உறங்கும்போது படகு முழுவதும் குருடாகும். காக்த்வீப்பின் மாஜிக்கும் தூத்தூரின் ஸ்ராங்குக்கும் மட்டுமன்று, வலையிழுக்கும் ஒவ்வொருவருக்கும் தாய்மொழியில் பயிற்சி வேண்டும். வங்காளத்திலும் தமிழிலும் கையேடு வேண்டும். நம் மீனவர் சங்கங்கள் இதை முதல் கோரிக்கையாக எழுப்பட்டும்.

மணியின் ஒலி எவருக்கும் கேட்கும். அதன் பொருள் தெரிந்தவரே படகைத் திருப்புவார்.