எந்தக் கதவைச் சாத்துவது?
(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கம்ப்யூட்டரில் எது கெட்டாலும் "வைரஸ் வந்துடுச்சு" என்கிறோம். உண்மையில் இந்த வேண்டாத விருந்தாளிகள் பல வகை. யார் எந்த வழியாக வருகிறார் என்று தெரிந்தால்தான் எந்தக் கதவைச் சாத்துவது என்று தெரியும்.

முதலாவது வைரஸ். இது தனியாக நடமாடாது. ஒரு புரோகிராமிலோ டிஸ்க்கிலோ ஒட்டிக்கொண்டுதான் போகும். 1986-ல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய 'பிரெயின்' வைரஸ், ஃப்ளாப்பியில் ஏறியே நாடு நாடாகச் சுற்றியது.

இரண்டாவது வார்ம், அதாவது புழு. இதற்கு யார் துணையும் வேண்டாம். நெட்வொர்க் வழியாகத் தானே ஊர்ந்து போகும். 1988 நவம்பரில் ராபர்ட் மோரிஸ் என்ற அமெரிக்க மாணவர் விட்ட புழு, சுமார் 6,000 கம்ப்யூட்டர்களைத் திணறடித்ததாகக் கணக்கிட்டார்கள்.

மூன்றாவது ட்ரோஜன். கிரேக்கர்களின் மரக்குதிரை மாதிரி, நல்ல பிள்ளை வேஷத்தில் வரும். கதவைத் திறந்துவிடுவது நாமேதான்! 1989-ல் எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று சொல்லி, சுமார் 20,000 ஃப்ளாப்பிகளைத் தபாலில் அனுப்பினார்கள். கொஞ்ச நாள் சாதுவாக இருந்துவிட்டு, அது ஃபைல் பெயர்களை மறைத்தது. பனாமாவில் ஒரு தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னது. பணயம் கேட்கும் 'ரான்சம்வேர்' இப்படித்தான் ஆரம்பித்தது.

2017 மே மாதம் வந்த 'வான்னாக்ரை' புழுவாக ஊர்ந்து, பணயமும் கேட்டது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளே ஆபரேஷன்களைத் தள்ளிவைத்தன. இத்தனைக்கும், அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது.

இன்னும் வேவு பார்க்கும் ஸ்பைவேர், விளம்பரமாகக் கொட்டும் ஆட்வேர் என்று உண்டு.

இதையெல்லாம் இங்கே ஏன் சொல்கிறேன்? நம் வயதுக்காரர்களுக்குப் பென்ஷன், சேமிப்பு எல்லாம் இன்று செல்போனில்தான். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஏ.பி.கே. ஃபைல் வரும். நிஜப் பத்திரிகை "இன்ஸ்டால் பண்ணு" என்று கேட்குமா? நம்பிப் போட்டுவிட்டால், பேங்க் அனுப்பும் ஓ.டி.பி.யை அது படித்துவிடும். இது பழைய மரக்குதிரைதான். வேஷம் மட்டும் புதுசு.

மூன்றே விஷயம். அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். முக்கியமான ஃபைல்களுக்கு ஒரு நகல் எடுத்து, கம்ப்யூட்டரோடு இணைக்காமல் தனியே வையுங்கள். தெரிந்தவர் பெயரில் வந்தாலும் அவரிடமே போன் போட்டுக் கேட்டுவிட்டுத் திறங்கள்.

அப்படியும் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டுப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள்; உடனே 1930-க்குப் போன் பண்ணுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.