உப்புக் காற்றும் கட்டடப் பொருள்களும்



புதுவைக் கடற்கரையில் காந்தி சிலையருகே, அலைகளுக்கிடையே தலைநீட்டும் இரும்புத் தூண்களை மாலை உலாவுக்குச் செல்வோர் பலரும் கண்டிருப்பர். பிரெஞ்சியர் 1866-இல் அமைத்த பழைய துறைமுகப் பாலத்தின் எச்சங்கள் அவை. 1952-ஆம் ஆண்டுப் புயலில் அப்பாலம் அழிந்தது. பின்னர்த் தெற்கே கற்காரையால், அதாவது கான்கிரீட்டால், எழுந்த புதிய பாலம் 1962-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலில் சரிந்தது. இரும்பு 86 ஆண்டும் கற்காரை 60 ஆண்டும் தாங்கின. எனின், இவற்றுள் வலியது எது?

இவ்வினா பிழையான வினா. வலிமை என்னும் ஒரு சொல்லுள் பல பண்புகள் ஒளிந்துள்ளன. இழுத்தால் அறாமை ஒன்று. அழுத்தினால் நசுங்காமை மற்றொன்று. விசையை நீக்கியதும் பழைய வடிவுக்குத் திரும்புவது மீள்தன்மை. முறியாமல் நீண்டு கொடுப்பது வேறு பண்பு. கடினமும் உறுதியும்கூட ஒன்றல்ல. கண்ணாடி மென்னெஃகைக் கீறவல்லது; ஆயினும் ஒரு தட்டுக்கே நொறுங்கிவிடும்.

பொறியியலார் பொருள்களை உலோகம், சுட்டமண் வகை, பல்லுறுப்பி, கூட்டுப்பொருள் எனப் பகுப்பர். இரும்பும் பித்தளையும் முதல் வகை. செங்கல், ஓடு, கண்ணாடி ஆகியன இரண்டாம் வகை. நெகிழியும் ரப்பரும் மூன்றாவது. மரம் இயற்கையே செய்துவைத்த கூட்டுப்பொருள். இப்பகுப்பு மனப்பாடத்துக்கு உதவும். வீடு கட்டுவோனுக்கு இது மட்டும் போதாது. பொருள்கள் ஒன்றோடொன்று சேருமிடத்தில்தான் அவற்றின் குணம் வெளிப்படுகிறது. நிலைமொழியும் வருமொழியும் புணருமிடத்தில் இயல்பும் திரிபும் காணும் தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று.

கற்காரை அழுத்தத்தை நன்கு தாங்கும். அதன் இழுவலிமையோ அதில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே. அக்குறையை உள்ளிருக்கும் எஃகுக் கம்பி ஈடு செய்கிறது. ஒரு செல்சியஸ் பாகை வெப்பம் கூடினால் எஃகு தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் சுமார் 12 பங்கு விரியும்; கற்காரை சுமார் 10 பங்கு. இந்த ஒற்றுமை இல்லையேல் இரண்டும் பிரிந்துபோகும். மேலும், கற்காரையின் காரத்தன்மை கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. கடலோரத்தில் நிகழும் கேடு இப்படலத்திலேயே தொடங்குகிறது. உப்பிலுள்ள குளோரைடு நுண்துளைகள் வழியே நுழைந்து அதனைக் குலைக்கும், கம்பி துருப்பிடிக்கும், துரு, தான் உண்ட இரும்பினும் இருமடங்குக்கு மேல் இடம் கேட்கும். அவ்வழுத்தத்தால் கற்காரை உள்ளிருந்தே பிளக்கும்.

ஆயின் கடலுக்கு அண்மையில் கற்காரை நிலைக்காது என்று முடிவு கட்டிவிடவும் இயலாது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதியே சான்று. அந்தோனின் ரேமண்ட் வரைந்த அக்கட்டடப் பணி 1937-இல் தொடங்கியது. ஜார்ஜ் நகாஷிமாவும் பிரான்சுவா சாமரும் களத்தில் நின்று மேற்பார்த்தனர். இந்தியாவின் தொடக்கக் கால வலுவூட்டிய கற்காரைக் கட்டடங்களுள் அது ஒன்று. அதன் கதவுகளுக்குத் தேக்கும், பிடிகளுக்கும் கீல்களுக்கும் பித்தளையும் அமைந்தன. அன்பர்கள் அளித்த குடங்களையும் பாத்திரங்களையும் உருக்கி அப்பித்தளையை வார்த்தனர் என்பர். கடற்காற்றில் பித்தளையில் களிம்பு ஏறும், இரும்பைப்போல் உதிராது. அங்குப் பொருளைவிடப் பொறுமையே அதிகம் செலவாயிற்று எனலாம்.

1870-71-இல் எழுந்த புதுவை நகரமன்றக் கட்டடமாகிய மேரி 2014 நவம்பர் 29 அன்று, கனமழைக்குப் பின் இடிந்து விழுந்தது. அதன் தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. நகரின் பழைய வீடுகளுக்கு அத்தகைய மறுபிறப்பு எளிதில் வாய்க்காது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட அவற்றின் சுவர்கள் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடுபவை. சுண்ணாம்புச் சாந்து சிறு அசைவுக்கு வளைந்து கொடுக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்லக் கல்லாகும். அத்தகைய சுவருக்கு, உறுதியானது என்று நம்பிச் சிமெண்டு பூசுவோர் பலர். சிமெண்டுப் பூச்சு ஈரம் வெளியேறும் வழியைப் பெரிதும் அடைத்துவிடுகிறது. அதற்குப் பின்னால் உப்பு படிகமாகிச் செங்கல்லை அரிக்கிறது. வெளிப்பூச்சு வழவழப்பாகவே இருக்கும். அது பெயர்ந்து விழும் நாளில் கையில் வருவது செம்பொடி.