புலவர் வாழ்ந்த மனை



புலவர் மறைவர், அவர்தம் நூல் நிற்கும். நூல் நிற்க, அவர் குடியிருந்த வீடு எதற்கு என வினவுவோர் உளர். ஏவன் ஆற்றங்கரையிலுள்ள இசுட்ராட்போர்டு என்னும் ஆங்கில ஊர் அவ்வினாவிற்கு விடை பகரும்.

அவ்வூரில் செகப்பிரியர்க்குரிய மனைகள் இரண்டு. ஒன்று அவர் பிறந்த வீடு. மற்றொன்று 1597-இல் அவர் விலைக்கு வாங்கி, 1616-இல் உயிர்நீத்த பெருமனை. பெருமனை 1702 அளவில் பிறரால் மாற்றிக் கட்டப்பெற்றது. ஆயினும், அதன் தோட்டத்து முசுக்கட்டை மரத்தைச் செகப்பிரியரே நட்டார் என மக்கள் நம்பினர். அதனைக் காண நாள்தோறும் வந்தனர். பின்னாளில் மனைக்குரியவரான கேசுடிரல் என்னும் கிறித்தவக் குரு, வருவார் தொல்லை பொறாது 1756-இல் மரத்தை வெட்டினார். ஊராருடன் வரிப்பூசலும் முற்றவே, 1759-இல் மனையையே இடித்தார். இன்று அங்கே தோட்டமும் அடித்தளச் சுவடுகளுமே உள.

பிறந்த வீடு 1847-இல் ஏலத்திற்கு வந்தது. இம்முறை மக்கள் வாளாவிருந்திலர். ஊர்தோறும் பொருள் திரட்டினர்; புதின ஆசிரியர் டிக்கென்சும் துணைநின்றார். 3000 பவுனுக்கு வீடு பொதுவுடைமையாயிற்று; இன்றும் நிற்கின்றது. தனியொருவர் கையிலிருந்தது இடிந்தது. மக்கள் கைக்கு வந்தது பிழைத்தது.

செருமானியரும் இதனை உணர்ந்தவரே. பிராங்குபர்ட்டு நகரில் பாவலர் கேத்தே பிறந்த வீடு, 1944 மார்ச்சு 22-இல் வான்குண்டு வீச்சில் அழிந்தது. அது கேத்தே மறைந்த 112-ஆம் ஆண்டு நினைவுநாள்! வீட்டிலிருந்த பொருள்களை முன்னரே வேற்றிடங்களில் சேமித்திருந்தனர். அழிந்ததை மீளக் கட்டுவது தகுமா என அறிஞரிடையே சொற்போர் நிகழ்ந்தது. எனினும் 1947 முதல் 1951 வரை உழைத்து, முன்பிருந்தவாறே கட்டி முடித்தனர்.

இனித் தமிழகத்தைக் காண்மின்! 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றித் தந்தவர் உ.வே.சாமிநாதர். கறையான் அரித்த ஏடுகளை ஊரூராய்த் தேடிக் காத்த அப்பெருமகனார், சென்னைத் திருவல்லிக்கேணியில் பல்லாண்டு வாழ்ந்த இல்லம் 2012-இல் இடிக்கப்பட்டது. ஏடு காத்தவர் வீட்டைக் காக்க, உரிய பொழுதில் எவரும் பொருள் திரட்டிலர். அவ்விழப்பு உடையவர் ஒருவரது குற்றம் மட்டுமோ? அவ்வீட்டு வாயிலை ஒருநாளேனும் மிதியாது நடந்த அத்தனை பேர்க்கும் அதில் பங்குண்டு.

எஞ்சிய இல்லங்கள் இன்னும் உள. உத்தமதானபுரத்தில் சாமிநாதர் நினைவில்லமும், புதுச்சேரியில் பாவேந்தர் வாழ்ந்த இல்லமும் வருவாரை எதிர்நோக்கி நிற்கின்றன. ஆசிரியப் பெருமக்களே, மாணவரை அழைத்துச் செல்க! செல்லுமுன் அப்புலவர் நூலில் ஒரு பகுதியேனும் கற்பித்திடுக. கல்லாது சென்றார்க்கு அவை வெறுஞ் சுவரே. அங்கே ஒரு மாணவன் எழுந்து, கற்றதை வாய்விட்டுப் படிக்கட்டும். நாளை அவ்வில்லத்திற்கு இடர் வருங்கால், முதற்காசு ஈபவன் அவனாகவே இருப்பான்.