கடைசி வாங்கிலிருக்கும் பிள்ளைக்கு நாம் பட்ட கடன்

(யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டக் கிராமமொன்றிலுள்ள பாடசாலையின் பரிசளிப்பு விழாவில், இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரை.)

பரிசளிப்பு விழாவிலே பேச வந்தவர், பரிசு பெற்ற பிள்ளைகளைப் பாராட்டி, பெறாத பிள்ளைகளுக்கு நாலு புத்திமதி கூறி, அணிவிக்கப்பட்ட மாலையோடு வீடு திரும்புவது எங்கள் வழக்கம். பரிசு பெற்ற செல்வங்களை நானும் மனமாரப் பாராட்டுகின்றேன். ஆயினும் நான் இன்று பேச வந்தது அவர்களைப் பற்றியன்று. இம்மண்டபத்தின் பின்வரிசையிலே, தம் பெயர் ஒலிபெருக்கியில் ஒருபோதும் அழைக்கப்படமாட்டாது என்பதை நன்கறிந்து, வாயிற்புறத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பற்றியே பேச விரும்புகின்றேன்.

"இவனுக்குப் படிப்பிலே விருப்பமில்லை" என்று அப்பிள்ளைகளைப் பற்றி நாம் எளிதாகத் தீர்ப்புக் கூறிவிடுகின்றோம். ஆசிரியர் கூறுகின்றார், தந்தையும் ஒப்புக்கொள்கின்றார், ஈற்றில் அந்தப் பிள்ளையே நம்பிவிடுகின்றது. பல ஆண்டுகள் இத்தீர்ப்பை வழங்கியவர்களுள் நானும் ஒருவன். அது பிழையான தீர்ப்பு என்பதை எனக்குக் கற்பித்தவன் என் மாணவன் ஒருவன்.

நான் தோற்ற பாடம்

அக்காலத்தில் நான் ஒரு கிராமப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அடர்த்தி என்னும் பாடத்தை நூலிலுள்ளவாறே வாசித்து, வரைவிலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதி, மாணாக்கரை மனனம் செய்யச் சொன்னேன். கடைசி வாங்கிலிருந்த அப்பையன் வாய் திறந்ததில்லை. தவணைப் பரீட்சையில் அவனுக்கு நான் இட்ட புள்ளி 18.

சில நாள் கழித்து, மாலைவேளை, அவன் தகப்பனாரின் வெங்காயத் தோட்டத்தருகே சென்றேன். நீரிறைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பையன் ஓடிச் சென்று அதை நிறுத்தினான். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன். "அடிமட்டும் இறைச்சா உவர் ஏறிவிடும், சேர். நல்லதண்ணி மேலைதான் நிக்குது, உப்புத்தண்ணி பாரம், அது கீழை கிடக்குது" என்றான்.

பெருமக்களே, அடர்த்தி என்பது இதுவேயன்றி வேறென்ன? நான் நூலிலே காட்டியதை அவன் கிணற்றிலே கண்டிருந்தான். அவனிடம் அறிவு இருந்தது, ஆர்வமும் இருந்தது. இரண்டும் நுழைவதற்கு என் வகுப்பறையில் வாயில் இருக்கவில்லை. அதை நான் உணர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. அவ்வாண்டோடு அவன் படிப்பை விட்டான். அவனுக்கு நான் பட்ட கடனை இன்னும் தீர்க்கவில்லை.

கிணறு ஓர் ஆய்வுகூடம்

இக்கிராமத்துப் பிள்ளைகள் ஆய்வுகூடம் இல்லையென்று ஏங்க வேண்டியதில்லை. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லினூடே இறங்கி, கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கின்றது. நன்னீரின் அடர்த்தி 1 எனின் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. இவ்விரண்டின் வேறுபாட்டினால், கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. மேலே ஓரடியை இழந்தாலோ, கீழிருந்து உவர் 40 அடி எழ இடமுண்டு. இந்த ஒரு கணக்கிலே விகிதமும் அடர்த்தியும் அமுக்கமும் மட்டுமன்றி எமது ஊரின் எதிர்காலமும் அடங்கியிருக்கின்றன.

பாடசாலைக் கிணற்றின் நீர்மட்டத்தைக் கயிற்றினால் கிழமைதோறும் அளந்து குறிக்கும் பொறுப்பை ஒரு வகுப்புக்குக் கொடுங்கள். பக்கத்திலே மழைமானியின் அளவையும் எழுதச் சொல்லுங்கள். ஓராண்டு முடிவில் அப்பிள்ளைகள் வரையும் வரைபு எந்தப் பாடநூலிலும் இல்லாத வரைபாக இருக்கும். தோட்டத்துக்கு இடும் உரத்தின் நைதரசன் நைத்திரேற்றாகிக் கிணற்றிலே கலக்கின்றது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. குடாநாட்டின் தோட்டப்பகுதிக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை கடக்கப்பட்டிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இரசாயனத்தை இங்கிருந்து தொடங்கினால் எந்தப் பிள்ளை தூங்கும்?

கணிதமும் அவ்வாறே. 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர் என்பதைத் தோட்டக்காரன் பிள்ளை நடக்கத் தொடங்கும்போதே கேட்டிருக்கின்றது. ஒரு பரப்பில் எத்தனை அந்தர் வெங்காயம், விதைக்கும் உரத்துக்கும் கூலிக்கும் சென்றது எவ்வளவு, விலை பாதியாக வீழ்ந்தால் மிச்சமென்ன என்று கேட்டுப் பாருங்கள். சதவீதக் கணக்குக்கு அஞ்சிய பிள்ளை விரல்விட்டு விடை சொல்லும்.

"தோட்டம் செய்யவா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினோம்?" என்று பெற்றோர் சிலர் கேட்பது என் காதில் விழுகின்றது. நியாயமான கேள்வி. கமக்காரன் மகனைக் கமத்திலேயே கட்டிப்போடும் கல்வியை நான் வேண்டவில்லை. தெரிந்ததில் தொடங்கித் தெரியாததற்கு ஏறும் படியையே வேண்டுகின்றேன். சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர். பழந்தமிழரின் யாழை ஆராயப் புகுந்தபோது கணிதத்தையும் ஒலியியலையும் அவர் துணைக்கொண்டார். 1947ஆம் ஆண்டு அரங்கேறிய யாழ்நூல் அம்முயற்சியின் பயன். தமக்கு நெருக்கமான பொருளிலிருந்து புறப்பட்டவர் உலகறிவு முழுவதையும் அதற்காகத் தேடிச் சென்றார். ஈடுபாடு என்பதன் இயல்பு அதுவே.

மூன்று வினாடிப் பொறுமை

இனி வகுப்பறைக்குள் வருவோம். மேரி பட் றோ என்னும் அமெரிக்கக் கல்வியறிஞர் ஆசிரியர்களின் பாடங்களை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து, 1974இல் ஓர் உண்மையை வெளியிட்டார். வினாவைத் தொடுத்த ஆசிரியர் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரே ஒரு வினாடி! அதற்குள் விடை வராவிடின் அடுத்த பிள்ளையிடம் தாவுகின்றார். அன்றேல் தாமே விடையைக் கூறிவிடுகின்றார். அதே ஆசிரியர்கள் மூன்று வினாடியேனும் காத்திருக்கப் பழகியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன. வாய் திறவாதிருந்தோர் பேசினர். மந்தமானவரென ஒதுக்கப்பட்டோரிடமிருந்து விடைகள் வரத் தொடங்கின.

மூன்று வினாடிக்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டியதில்லை, பணமும் வேண்டியதில்லை. ஆயினும் நம்மால் அது முடிவதில்லை. ஏன்? பாடத்திட்டம் முடியவேண்டும், பரீட்சை வருகின்றது, முன்வாங்கிலே கையுயர்த்தி நிற்கும் நால்வர் நம்மைக் காப்பாற்றிவிடுவர். அந்நால்வரின் விடையைக் கேட்டு வகுப்பு முழுவதும் விளங்கிக்கொண்டதென நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்கின்றோம். பிழையான விடை சொன்ன பிள்ளையைப் பார்த்து நாம் சிரித்தாலும், பிறர் சிரிக்க விட்டாலும், அந்தப் பிள்ளை அத்தவணை முழுவதும் பேசமாட்டாது. பிரம்பு கையிலிருந்தால் மட்டுமா அச்சம்? நாவிலும் பிரம்பு உண்டு.

புள்ளியும் பரிசும்

பரிசளிப்பு மேடையில் நின்றுகொண்டு இதைச் சொல்வதற்குத் தலைவர் என்னை மன்னிக்க வேண்டும். அமெரிக்க உளவியலறிஞர் மார்க் லெப்பரும் அவருடைய தோழர் இருவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றுண்டு. படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள சிறுவர் சிலரிடம், "வரைந்தால் பரிசு தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லிப் பரிசும் கொடுத்தனர். ஓரிரு வாரங்களின் பின்னர் அச்சிறுவர் தாமாக வரைந்த நேரம், பரிசே பெறாத சிறுவர் வரைந்த நேரத்தின் அரைவாசியளவே. முன்னறிவிப்பின்றிப் பரிசு பெற்றோருக்கோ இத்தீங்கு நேரவில்லை. பாராட்டுத் தீயதன்று, பரிசுக்காகவே செய் என்று பழக்குவதுதான் தீயது.

1988இல் றூத் பட்லர் என்னும் அறிஞர் இஸ்ரேலியப் பாடசாலைகளில் நடத்திய ஆய்வு இதனினும் நமக்கு நெருக்கமானது. ஒரு சாராரின் தாள்களில் புள்ளி மட்டும் இட்டார். ஒரு சாராருக்குக் குறிப்புரை மட்டும் எழுதினார். மூன்றாம் சாராருக்கு இரண்டையும் கொடுத்தார். குறிப்புரை மட்டும் பெற்றோரே முன்னேறினர், ஆர்வமும் குன்றாதிருந்தனர். புள்ளியும் குறிப்புரையும் ஒருங்கே பெற்றோருக்குக் குறிப்புரையால் பயன் விளையவில்லை. புள்ளியைக் கண்ட கண் வேறெதையும் காண்பதில்லை.

என் மாணவனின் தாளில் 18 என்று எழுதிய நான், "உன் கிணற்றைப் பார்த்து இதை மீண்டும் எழுது" என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே என்று இன்றும் வருந்துகின்றேன்.

பெற்றோர்களே, பத்து வயதுக் குழந்தையை ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக விடியுமுன் எழுப்பி, பாடசாலை விட்டதும் தனியார் கல்வி நிலையத்துக்கு அனுப்பி, இரவிலும் பயிற்சித்தாளின்முன் இருத்துகின்றீர்கள். அன்பினாற் செய்கின்றீர்கள் என்பதை அறிவேன். போரையும் இடப்பெயர்வையும் கண்ட எமக்குக் கையிலிருந்து எவரும் பறிக்கவியலாத சொத்து கல்வி ஒன்றே என்பதும் உண்மை. ஆனால் வித்து முளைக்குமுன் தினமும் தோண்டிப் பார்ப்பவன் கமக்காரனாவானா?

எந்த வாங்கு, யாருடைய வாங்கு?

இன்னொன்றையும் மறைக்காமற் கூற வேண்டும். பிள்ளை கற்பதற்கு முன், இவ்விடம் தன்னுடையது என்று உணரவேண்டும். எமது சமூகம் அதைப் பலருக்கு மறுத்தது. ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகள் நிலத்திலே இருந்து படித்த காலம் இந்நாட்டிலே இருந்தது. அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் யாவரும் சமமாக அமர வேண்டுமென்ற விதி 1930ஐ ஒட்டிய காலத்தில் வந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது, பாடசாலைகள் தீயிடப்பட்டன. 1945இல் இலவசக் கல்வி வந்தது. வாயில் யாவருக்கும் திறந்தது.

வாயில் திறந்தது போதுமா? கெட்டிக்காரர் முன்னே, மற்றையோர் பின்னே என்று நாம் இன்று இருத்தும் வகுப்பிலும் பழைய வழக்கத்தின் நிழல் இருக்கின்றது. சப்பாத்து இல்லாத பிள்ளை எங்கே இருக்கின்றது, கூலிவேலை செய்பவரின் பிள்ளை எங்கே இருக்கின்றது என்று ஆசிரியர்கள் நாளைக் காலை ஒருமுறை நோக்குங்கள். எல்லா மாணவரின் பெயரும் ஒரு கிழமைக்குள் நம் வாயிலிருந்து அன்போடு வெளிவந்ததா என்று எண்ணிப் பாருங்கள்.

என் விண்ணப்பம்

ஆசிரியர்களின் சுமையை அறியாதவனல்லன் நான். நிரப்பவேண்டிய படிவங்களும் இடமாற்றங்களும் ஒரே அறையில் நெருங்கிய நாற்பது பிள்ளைகளும் எனக்கும் இருந்தன. ஆகையால் பெரியன கேளேன், நான்கே கேட்கின்றேன். வினா கேட்டபின் மனதுக்குள் மூன்று வரை எண்ணுங்கள். மாதத்தில் ஒரு பயிற்சியையேனும் புள்ளியிடாது, இரண்டு வரி எழுதித் திருப்பிக் கொடுங்கள். இரு கிழமைக்கொருமுறை ஒரு பாடத்தைக் கிணற்றடியிலோ வயல்வரம்பிலோ நடத்துங்கள். கிழமைதோறும் வாங்குகளை மாற்றுங்கள்.

அதிபர் அவர்களுக்கும் ஒரு சொல். ஆசிரியர் ஒருவர் பாடத்தைப் புதுவழியில் நடத்திப் பிழைவிட்டால் அவரைக் காப்பாற்றுங்கள். ஆசிரியர் அஞ்சும் பாடசாலையில் பிள்ளை துணிவு பெறாது. இவ்வூரிற் பிறந்து வைத்தியராகவும் பொறியியலாளராகவும் கணக்காளராகவும் விளங்கும் பெரியோர்களே, பாடசாலைக்கு நீங்கள் மண்டபம் கட்டித் தருவது நன்று. ஆண்டுக்கு ஒருநாள் வந்து, நீங்கள் எதைக் கண்டு வியந்து அத்துறைக்குப் போனீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வது அதனினும் நன்று. கமக்காரப் பெருமக்களே, நீங்கள் படிக்கவில்லையென்று கூசாதீர்கள். மண்ணைக் கையிலெடுத்து ஈரம் அறியும் நீங்கள் இப்பாடசாலைக்கு ஒரு பாடம் நடத்தத் தகுந்தவர்கள். வீட்டிலே பிள்ளையிடம் "எத்தனை புள்ளி?" என்று கேட்குமுன், "இன்றைக்கு என்ன விளங்கவில்லை?" என்று கேளுங்கள். விளங்கவில்லை என்று துணிந்து சொல்லும் பிள்ளை கற்கத் தொடங்கிவிட்டது.

1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், இருந்த ஏட்டையே மனனம் செய்யுங்கள் என்று விட்டுவிடவில்லை. பிள்ளையின் படிக்கு ஏற்பப் பாலபாடங்களை வசனநடையில் எழுதினார். பிள்ளை நூலுக்கு ஏறி வராவிடின் நூல் பிள்ளையிடம் இறங்கி வரவேண்டும் என்பதை அவர் செய்கையிற் காட்டினார். அவ்வழியில் வந்த நாம், பிள்ளைக்கு விருப்பமில்லை என்று கூறிக் கைகழுவலாமா?

பின்வரிசையிலிருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு இன்று என்னிடம் பரிசு இல்லை. ஒரு மன்னிப்பு இருக்கின்றது. உங்களைப் போன்ற ஒருவனுக்குச் சொல்லவேண்டியிருந்து, சொல்லத் தவறிய மன்னிப்பு அது. நாளைக்கு உங்கள் ஆசிரியர் வினாவைக் கேட்டுவிட்டுச் சற்றே மௌனமாக நின்றால், அந்த மௌனம் உங்களுக்கானது என்று அறிந்துகொள்ளுங்கள். கையை உயர்த்துங்கள்.