நாய் கடித்தால் பொறுப்பு யாருக்கு?

தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவியருக்கான வகுப்பில் ஆற்றப்பட்ட உரை



சம்பளம், கொழுந்து நிறுவை, காணி என்று பேச வேண்டியது மலையளவு இருக்க, நாயைப் பற்றி ஒரு வகுப்பா என்று சிலர் கேட்கலாம். லயத்தில் ஒரு பிள்ளையை நாய் கடித்தால் என்ன நடக்கிறது? தாய்க்கு அன்றைய பேர் போகிறது. ஆஸ்பத்திரிக்குப் பஸ் செலவு. பக்கத்துக் காம்பராக்காரரோடு சண்டை, பிறகு பொலிஸ். அந்த லயம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்ற கேள்வி மட்டும் யார் வாயிலும் வருவதில்லை. அதைத்தான் இன்று பேசுகிறோம்.

முதலில் உயிர், பிறகு சட்டம். கடித்த இடத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் பூச வேண்டாம். உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். தோட்ட மருந்தகத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பினால் போதாது. விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி தெரிந்த பிறகு ஆளைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். நாயை அடித்துக் கொன்றுவிடாதீர்கள். கட்டி வைத்துக் கவனித்தால்தான் அதற்கு நோய் உண்டா என்று தெரியும். வைத்தியர் தரும் துண்டு ஒன்றையும் எறிய வேண்டாம்.

இனிப் பொறுப்பு. இந்த விடயத்தில் நம் நாட்டில் நடைமுறையில் இருப்பது உரோமன்-டச்சுச் சட்டம். அதன்படி முதலில் பதில் சொல்ல வேண்டியவர் நாயை வளர்த்தவர். நாய் ஏற்கெனவே கடிக்கிற நாய், அது தெரிந்தும் அவிழ்த்து விட்டிருந்தார் என்று காட்ட முடிந்தால் வழக்கு இன்னும் பலப்படும். கடிபட்டவர் நாயைச் சீண்டியிருந்தால் வழக்கு பலவீனப்படும். பங்களாவையோ ஸ்டோரையோ காக்க நிர்வாகமே நாய் வைத்திருந்தால், அங்கே வளர்த்தவர் நிர்வாகம்தான். இதில் குழப்பம் இல்லை.

நாய் ஒரு தொழிலாளியுடையது, லயம் கம்பனியின் பொறுப்பில் இருக்கிறது என்றால்? வீட்டுக்குச் சொந்தக்காரர் என்பதற்காக மட்டும் ஒருவர் குடியிருப்பவரின் நாய்க்குப் பொறுப்பாளி ஆகமாட்டார். இதை ஒளிக்காமல் சொல்கிறோம். நம் ஆட்களுக்குப் பொய் நம்பிக்கை கொடுக்கக்கூடாது. நிர்வாகத்தைப் பொறுப்பாக்க அதன் அலட்சியத்தைக் காட்ட வேண்டும். அதற்கு மூன்று கேள்விகள். ஆபத்து இருப்பது நிர்வாகத்துக்குத் தெரியுமா? அதைத் தடுக்கும் அதிகாரம் நிர்வாகத்துக்கு இருந்ததா? இருந்தும் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதா?

இரண்டாவது கேள்விக்கு நம்மிடம் நல்ல பதில் உண்டு. 1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போயின. அன்றிலிருந்து லயத்துக்கு ஒரு தகரம் மாற்றவும் துரையின் அனுமதி வேண்டும் என்கிறார்கள். கூரைக்கு அனுமதி கேட்க வைக்கிறவர்கள், பொது வாசலையும் குப்பைக் குழியையும் பற்றி எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியுமா?

இடறுவது முதலாவது கேள்வியில்தான். "போன மாதமே துரையிடம் சொன்னோம்" என்கிறோம். எப்போது, யார் முன்னால் என்று கேட்டால் பதில் இல்லை. வாயால் சொன்னது காற்றோடு போகும். ஆகவே கடிக்கிற நாய் ஒன்று லயத்தில் திரிந்தால், அது யாரையும் கடிக்கும் முன்பே கமிட்டி கடிதம் எழுத வேண்டும். திகதி, லய இலக்கம், நடந்தது என்ன என்று நாலு வரி போதும். பிரதியில் ஒப்பம் வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இன்னொரு பிரதி பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குப் போகட்டும்.

அந்தக் கடிதத்தில் "அந்தக் குடும்பத்தை வெளியேற்று" என்று ஒருபோதும் எழுதாதீர்கள். இன்று அவர்களுக்கு எழுதினால் நாளை அதே கடிதம் நமக்கும் வரும். நாய்களுக்குத் தடுப்பூசி போட ஒரு நாள், குப்பைக் குழி, பிள்ளை மடுவத்தைச் சுற்றி வேலி: இவற்றைக் கேளுங்கள். நாய் வளர்க்கும் நம் தோழர்களும் ஊசி போட்டு, கட்டி வளர்க்க வேண்டும். இதையும் கமிட்டிதான் சொல்ல வேண்டும்.

மலையில் கொழுந்து எடுக்கும்போது கடிபட்டால் அது வேறு வழி. அன்றே கங்காணியிடமும் வெளிக்கள உத்தியோகத்தரிடமும் சொல்லிப் பதிய வையுங்கள். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் கேட்க இடமிருக்கிறதா என்று சங்கம் பார்க்கும்.

நட்டஈட்டு வழக்கை இரண்டு வருடத்துக்குள் தொடுக்க வேண்டும். சிறிய தொகை என்றால் முதலில் மத்தியஸ்த சபை. அங்கே லோயர் செலவு இல்லை. அதற்கு மேல் போக வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. காரியாலயத்துக்கு வந்தால் விண்ணப்பத்தைச் சேர்ந்தே எழுதுவோம்.

தோழர்களே, காம்பராவுக்குக் காம்பரா சண்டை போட்டுக்கொண்டிருந்தால் காரியாலயத்தில் இருப்பவர்களுக்கு நிம்மதி. அந்த நிம்மதியை நாம் கொடுக்க வேண்டாம். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் லயங்களில் எத்தனை நாய்கள், எத்தனைக்கு ஊசி போட்டிருக்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். முதல் கடிதத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதுவோம்.